மனச்சிதைவைக் கண்டறியும் விதம்: ஓர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவைப் பற்றிய மதிப்புரை

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்கும் மனநல மருத்துவப் பிரிவு, மனச்சிதைவு என்றும் ஸ்கிசோஃப்ரினியா என்றும் சொல்லப்படும் நோயை எவ்வாறு கண்டறிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதும் மதிப்புரை இது. சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தந்தது என்பதைப் பேசுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. நோயாளி என் தம்பி. இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவன். அவனுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று அவன் சொன்னவற்றை விட்டுவிட்டேன். குறைகளும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

சர்க்கரை நோயையோ தைராய்டுக் கோளாறையோ போல ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து, இது இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய நோயன்று இது. ஸ்கேனில் தெரியாது, மூளை அலைப் பதிவிலும் தெரியாது. நோயாளியிடமும் அவரோடு வாழ்பவர்களிடமும் மருத்துவர் நடத்தும் உரையாடல்தான் பரிசோதனை. ஆகவே இந்தச் சேவையை மதிப்பிடுவதற்குக் கட்டடத்தையோ கருவிகளையோ பார்ப்பதில் பயனில்லை. என்னென்ன கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள், வேறு எந்தெந்தக் காரணங்களை விலக்கினார்கள், சொன்ன முடிவை மறுபடி பரிசீலிக்க இடம் வைத்தார்களா என்ற அளவுகோல்களையே நான் கையாள்கிறேன்.

தம்பியிடம் முதலில் தெரிந்த மாற்றம், திரைப்படங்களில் காட்டுவதுபோல ஆவேசமோ அலறலோ அன்று. ஓராண்டுக்கும் மேலாக அவன் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தான். நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை; இரவில் விழித்திருந்து பகலில் உறங்குவான்; தாள்களில் தேறாமல் போனான்; குளிப்பதும் முடிவெட்டுவதும்கூட யாராவது சொன்னால்தான் நடக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காரணம் சொல்லிவிட முடியும் என்பதுதான் இந்தக் கட்டத்தின் சிக்கல். பிறகு, எதிர்வீட்டு மாடியில் இருக்கும் கேமரா தன்னைத்தான் பார்க்கிறது என்றான். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லாமல் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றான். கடைசியாக, யாருமில்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்லத் தொடங்கினான். உறவினர்கள் சிலர் காத்து கருப்பு என்றார்கள், சிலர் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். கோடாங்கியிடம் கூட்டிச் செல்லும் பேச்சும் வந்தது. நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் மருத்துவமனைக்கு வரும் பாதை இந்த வழியாகத்தான் வருகிறது என்பதை அந்தப் பிரிவின் மருத்துவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்; “இதற்கு முன் எங்கெல்லாம் போனீர்கள், கோயில், தர்கா எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்று குரலில் எள்ளல் இல்லாமல் கேட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய மாநிலம் இது. அந்தக் கேள்வியை எள்ளலின்றிக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனைக்கு வருவதற்கு முன் தனியார் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். குளிரூட்டப்பட்ட அறை, நல்ல நாற்காலி, முன்பதிவு. உள்ளே இருந்த நேரம் காத்திருந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது. தம்பியைப் பார்த்து “காதில் குரல் கேட்குதா?” என்ற ஒரே கேள்வி; அவன் தலையசைத்ததும் மூன்று மாத்திரைகள், நோயின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எங்களிடம் சொன்னார். அவர் சொன்ன பெயர் பின்னர் சரியாகவே போனது. ஆனாலும் அதை நல்ல நோயறிதல் என்று என்னால் சொல்ல முடியாது. குரல் கேட்பது இந்த நோயில் மட்டும் வருவதன்று. கடுமையான மனச்சோர்வில் வரும், மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறில் வரும், குடியை திடீரென நிறுத்தினால் வரும், போதைப்பொருளால் வரும், சில வகை வலிப்பு நோய்களில் வரும், அண்மையில் துணையை இழந்தவர்களுக்கு எந்த நோயும் இல்லாமலேகூட வரும். இவற்றில் எதையும் கேட்காமல் சொன்ன விடை பலித்ததற்குக் காரணம், அந்த வயதில் அதுவே வாய்ப்பு மிகுந்த விடையாக இருந்தது என்பதுதான்.

மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவு காலையில் திறக்கும்போதே வரிசை நீண்டிருக்கும். ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவுக்கு வழிகேட்டால் காவலாளி ஒரு கணம் நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட நாட்டில் அந்தப் பார்வைக்குப் பழகிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உள்ளே நடந்தது வேறு தரத்தில் இருந்தது. முதுகலை பயிலும் மருத்துவர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, முற்பகல் முழுவதும் என்று சொல்லத்தக்க அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு, ஆதியிலிருந்து கேட்டு எழுதினார். பயிற்சியில் இருப்பவர் என்பதால்தான் அவருக்கு அந்த நேரம் கிடைத்தது என்பது என் ஊகம். நோயாளிக்கு அது லாபமே.

முதலில் காலவரிசை. எப்போது கடைசியாக அவன் முழுமையாக அவனாக இருந்தான், எது முதலில் மாறியது, எது அதன் பின்னால் வந்தது, நடுவில் எப்போதாவது பழையபடி ஆனானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தேதி நினைவில்லை என்றால் தீபாவளிக்கு முன்பா பின்பா, செமஸ்டர் தேர்வுக்கு முன்பா பின்பா என்று கேட்டு இடத்தைப் பிடித்தார். இந்த வலியுறுத்தலின் காரணம் பின்னால்தான் புரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின்படி, குறிப்பிட்ட அறிகுறிகளில் இரண்டேனும் ஒரு மாதமோ அதற்கு மேலோ பெரும்பாலான நேரம் இருந்திருக்க வேண்டும். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்போ, ஒரு மாத முனைப்பான அறிகுறிகளோடு, தொடக்கநிலை மாற்றங்களையும் சேர்த்து ஆறு மாதங்களாவது கோளாறு நீடித்திருக்க வேண்டும் என்கிறது. குரல், பிரமை போன்றவற்றால் நடப்புலகோடு தொடர்பு அறும் நிலையைப் பொதுவாக மனப்பிறழ்வு என்கிறார்கள்; ஒரு மாதத்துக்குள் வந்து மறைந்துவிடும் மனப்பிறழ்வுக்கு வேறு பெயர், வேறு எதிர்காலம். ஆக, நாள்கணக்குத் தெரியாமல் இந்த நோயின் பெயரை எழுத முடியாது.

அடுத்து, பிறப்பு, வளர்ச்சி, பள்ளி, தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது மனநோயோ தற்கொலையோ உண்டா என்ற வரிசை. எங்கள் அம்மாவின் சித்தப்பா ஒருவர் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பவில்லை என்ற செய்தி, நாங்கள் பிள்ளைகள் அதுவரை கேட்டறியாதது, அந்த அறையில்தான் வெளிவந்தது. மரபுக்கு இந்த நோயில் பங்கு உண்டு. ஆனால் நோயுற்ற பெரும்பாலோரின் பெற்றோருக்கு இந்த நோய் இருப்பதில்லை என்பதையும் அந்த மருத்துவரே சேர்த்துச் சொன்னது, அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியிடம் தனியே பேசினார். அதன்பின் அவனை வெளியே உட்காரவைத்து எங்களிடம் தனியே பேசினார். இந்த ஏற்பாட்டுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். எங்களிடம் சொல்லாத ஒன்றை அவன் அவரிடம் சொன்னான்: கல்லூரி விடுதியில் சில மாதங்கள் கஞ்சா புகைத்திருக்கிறான். இந்த ஒரு செய்தி நோயறிதலின் போக்கையே மாற்றியது. தனியார் மருத்துவரின் அறையில் அப்பா அருகிலேயே நின்றுகொண்டிருந்தார்; அங்கே இந்தப் பதில் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைத் தம்பி பிற்பாடு எனக்குச் சொன்னான். அவற்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்தச் சேவையின் சாரம் அவற்றில்தான் இருக்கிறது. “குரல் கேட்குதா” என்ற கேள்வி அங்கும் வந்தது, ஆனால் அதோடு நிற்கவில்லை. குரல் தலைக்குள்ளிருந்து வருகிறதா, வெளியிலிருந்து காது வழியாக வருகிறதா? ஒருவரா, பலரா? உங்களோடு பேசுகிறார்களா, அல்லது உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? நீங்கள் செய்வதையெல்லாம் ‘இப்போது எழுந்தான், இப்போது நடக்கிறான்’ என்று வர்ணிக்கிறார்களா? இதைச் செய், அதைச் செய் என்று கட்டளை இடுகிறார்களா, அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தோன்றுகிறதா? கடைசிக் கேள்வி நோயின் பெயருக்காகக் கேட்கப்படுவதன்று. நோயாளி தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து இருக்கிறதா என்று அறிவதற்காக. அதற்கடுத்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று அஞ்சுவோர் உண்டு; அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை.

இரண்டு குரல்கள் தன்னைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வது, எண்ணங்களை வெளியிலிருந்து யாரோ உள்ளே செலுத்துவது, உள்ளே இருப்பதை உருவிக்கொள்வது, நினைப்பதெல்லாம் ஒலிபெருக்கிபோல ஊருக்கே கேட்பது, தன் கைகால்களை வேறொரு சக்தி இயக்குவது ஆகிய அனுபவங்களை ஜெர்மானிய மருத்துவர் குர்ட் ஷ்னைடர் முதல்தர அறிகுறிகள் என்று வகுத்தார். ஒருகாலத்தில் இவற்றில் ஒன்று இருந்தாலே போதும் என்று கருதப்பட்டது. இப்போது அவ்வளவு தனிச்சிறப்பு இவற்றுக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஏனெனில் இருமுனைக் கோளாறிலும் இவை காணப்படுகின்றன. ஆனால் கேள்விகள் இன்னும் அதே வழியில்தான் செல்கின்றன. “நீங்க நினைக்கிறது மத்தவங்களுக்குக் கேட்குதுன்னு தோணுதா?” என்று அவர் கேட்டதும், இதை எப்படி இவர் அறிந்தார் என்று தம்பிக்கு முதலில் பயமாகவும், பிறகு ஆறுதலாகவும் இருந்ததாம். வேறு யாருக்கும் நேராதது தனக்கு நேர்கிறது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அவன் கேட்ட குரல்களில் ஒன்று எங்கள் பெரியப்பாவுடையது. எழுந்து பல் துலக்கு, படி, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று அதட்டும் குரல். இது எனக்கு வியப்பாக இருந்தது, மருத்துவருக்கு இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் டானியா லூர்மன், சென்னை மருத்துவர்களோடும் கானா நாட்டு மருத்துவர்களோடும் சேர்ந்து, கலிஃபோர்னியா, அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா 20 நோயாளிகளிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். அமெரிக்கர்கள் முகமறியாத, வன்முறை நிறைந்த குரல்களைப் பற்றியே அதிகம் சொல்ல, சென்னைக்காரர்களில் பலர் உறவினர்களின் குரலைக் கேட்டார்கள். அவை வீட்டு வேலை சொல்லின, திட்டின, புத்தி சொல்லின. நோய் ஒன்றேயானாலும் அது பேசும் பேச்சு ஊருக்கு ஊர் மாறுகிறது. இதனால் நோயறிதலில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: ‘தாத்தா வந்து பேசுகிறார்’ என்று ஒருவர் சொன்னால், நம் குடும்பங்களில் அதை நோயாகக் கருதமாட்டார்கள்.

இதையொட்டி, நம்பிக்கை எது, பிரமை எது என்று அவர்கள் பிரித்த விதமும் குறிப்பிடத்தக்கது. எங்கள் அத்தைக்குக் குலதெய்வக் கொடையின்போது சாமி வரும். தம்பிக்கு வந்திருப்பதும் அதுதானோ என்று அம்மா கேட்டார். மருத்துவர் மறுக்கவில்லை, சில கேள்விகளை மட்டும் எதிர்க்கேள்வியாகக் கேட்டார். அத்தைக்குச் சாமி வருவது எப்போது? கொடை முடிந்ததும் அத்தை சமையலைப் பார்க்கிறாரா? சுற்றியிருப்பவர்கள் அதை ஏற்கிறார்களா? தம்பி சொல்வதை அதே தெய்வத்தை வணங்கும் உங்கள் உறவினர்கள் ஏற்கிறார்களா? எதிர்வீட்டுக் கேமராவை வேறு யாராவது அப்படி எண்ணுகிறார்களா? ஒருவர் சார்ந்த சமூகத்தில் பொதுவாக நிலவும் நம்பிக்கையைப் பிரமை என்று எழுதக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும், ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்றும், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, சமய, அரசியல் மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று முடிவுசெய்யக் கூடாது என்றும் சொல்கிறது.

மனநிலைப் பரிசோதனையின் கடைசிப் பகுதி சற்றுப் பழையதாக இருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கவனத்தை அளப்பதற்கு அது போதும். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டார்கள். தம்பி, “மழையில நடந்தா சறுக்கும்” என்றானாம். சொல்லுக்கு அப்பால் உள்ள பொருளுக்குச் செல்ல முடியாமல் சிந்தனை தரையிலேயே தங்கிவிடுவதை அந்தப் பதில் காட்டியது. ஆனால், முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கடிதம் ஒன்று தெருவில் கிடந்தால் என்ன செய்வாய் என்ற கேள்வியை, வாழ்நாளில் ஒரு கடிதம்கூடத் தபாலில் போட்டிராத தலைமுறையிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை. தம்பி, “தபால்பெட்டி எங்கே இருக்கு?” என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். நோயில்லாத நானும் அதையே கேட்டிருப்பேன்.

குரலும் பிரமையும் எல்லோர் கண்ணிலும் படும். இவற்றை மிகுதி அறிகுறிகள் என்கிறார்கள். இயல்பில் இல்லாதவை வந்து சேர்ந்தவை. இயல்பில் இருந்தவை கழிந்துபோவதுதான் குடும்பங்கள் தவறவிடும் பகுதி: முகத்தில் உணர்ச்சி குன்றுவது, பேச்சு ஓரிரு சொற்களாகக் குறைவது, எதையும் தொடங்கும் உந்துதல் வற்றிப்போவது, மகிழ்ச்சி தரும் செயல்களில் நாட்டம் அறுவது, மனிதர்களிடமிருந்து விலகுவது. பல வீடுகளில் இதற்குச் சோம்பல், திமிர், செல்போன் என்ற பெயர்கள்தாம் வைக்கப்படும். மனச்சோர்விலும் இதே தோற்றம் வரும் என்பதால், மருத்துவர் இரண்டையும் பிரிக்க வேண்டியிருந்தது. தம்பியிடம் அவர் “வருத்தமா இருக்கா?” என்று கேட்டபோது “இல்ல, ஒண்ணும் இல்ல” என்றான். அழுகை, குற்ற உணர்வு, காலையில் மிகுந்து மாலையில் தணியும் துயரம் இவை எவையும் இல்லை. வெறுமை மட்டும் இருந்தது. அதேபோல, தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தோடு பேசிக்கொண்டும் செலவு செய்துகொண்டும் இருந்த நாட்கள் உண்டா என்று எங்களிடம் துருவித் துருவிக் கேட்டார். அப்படி இருந்திருந்தால் நோயின் பெயர் இருமுனைக் கோளாறாக மாறியிருக்கும், மருந்தும் மாறியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ரத்தப் பரிசோதனைகள் வந்தன: தைராய்டு, பி12, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், எச்.ஐ.வி., மேகநோய்க்கான சோதனை. நோயைக் கண்டுபிடிப்பதற்காக அன்று, இதே வேடத்தில் வரக்கூடிய வேறு நோய்களை விலக்குவதற்காக. தலை ஸ்கேன் எடுத்தார்கள். மூளை அலைப் பதிவும் எடுத்தார்கள். நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி, 2007இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. இளம் வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு வந்து, முதல் சில நாட்கள் மனநோய் போலவே தோன்றும். காய்ச்சல், வலிப்பு, வாய் கோணிக்கொண்டு அசைவது, நினைவு தப்புவது ஆகியவை உண்டா என்று கேட்டதன் நோக்கம் அதுவே. நாள், கிழமை, இடம் குழம்பினாலோ, குரலைவிடக் காட்சிகளே அதிகம் தோன்றினாலோ, உடல்நோய் இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. தம்பிக்கு எல்லா முடிவுகளும் இயல்பாகவே வந்தன. ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?’ என்று உறவினர்கள் கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்து, ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் இந்த நோயில் எதிர்பார்க்கப்படும் முடிவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இவை எதற்கும் எங்களிடம் பணம் வாங்கவில்லை.

அன்றைய தினம் அவர்கள் சீட்டில் எழுதியது மனச்சிதைவு என்று அல்ல. எஃப் 29, அதாவது வகை தீர்மானிக்கப்படாத மனப்பிறழ்வு என்ற குறியீட்டை எழுதினார்கள். கஞ்சா காரணமாக வந்த மனப்பிறழ்வாக இருந்தால், புகைப்பதை நிறுத்திய சில வாரங்களில் பொதுவாகத் தணிந்துவிட வேண்டும். அதற்கப்பால் நீடித்தால் வேறு நோய் என்று எண்ண வேண்டும். ஆகவே தம்பியின் சம்மதத்தோடு வார்டில் சேர்த்துக்கொண்டு, குறைந்த அளவில் மருந்தைத் தொடங்கி, பேச்சு, உறக்கம், குளியல், உணவு எல்லாவற்றையும் செவிலியர்கள் நாள்தோறும் குறித்துவந்தார்கள். பெயரை உறுதிசெய்யும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டுக்கு வந்து, மறுபரிசோதனைகள் நடந்து, கஞ்சா நின்ற பின்னும் அறிகுறிகள் தொடர்ந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகு, பேராசிரியர் முன்னிலையில் எஃப் 20, அதாவது மனச்சிதைவு என்று திருத்தி எழுதினார்கள். சிந்தித்துத்தான் எழுதுகிறார்கள் என்பதற்கு அந்தத் திருத்தத்தைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

பெயரை முதலில் தம்பியிடம்தான் சொன்னார்கள், பிறகே எங்களிடம். அவன் அதை ஏற்கவில்லை. தனக்கு நோயில்லை, கேமராதான் பிரச்சினை என்றான். தனக்கு நோய் இருப்பதை உணராமையும் இந்த நோயின் ஒரு பகுதியே, அது பிடிவாதம் அன்று என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். அவனிடம் வாதாடாமல், “கேமரா இருக்கோ இல்லையோ, தூக்கம் வரலைல்ல, அதுக்கு இந்த மாத்திரை உதவும்” என்று பேசி முடித்தார். இனி சரியாகுமா என்று அப்பா கேட்டதற்கு, சென்னையில் 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக நோயுற்ற 90 பேரைச் சேர்த்துக்கொண்டு பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வைக் குறிப்பிட்டு, பத்தாண்டு முடிவில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன என்றார். பொய்யான நம்பிக்கையும் இல்லை, கைவிரிப்பும் இல்லை.

இனி குறைகள். தனிமை என்பது அந்த ஒரு நேர்காணல் அறையோடு முடிந்துவிடுகிறது. மறுபரிசோதனை நாட்களில் ஒரே மேசையைச் சுற்றி மூன்று மருத்துவர்கள், மூன்று நோயாளிகள், அவர்களின் உறவினர்கள், “இப்பவும் குரல் கேட்குதா?” என்ற கேள்வியை அடுத்த நாற்காலியில் இருப்பவரும் கேட்கிறார். தன்னை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்று நம்பும் ஒருவனிடம் அத்தகைய இடத்தில் உண்மையான பதிலை எப்படி எதிர்பார்ப்பது? ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் வருகிறார். நல்ல குறிப்பேடு இருப்பதால் தொடர்ச்சி முற்றாக அறுந்துவிடவில்லை என்றாலும், பழைய கேள்விகளுக்கே மீண்டும் பதில் சொல்லித் தம்பி களைத்துப்போகிறான். உளவியலாளரைப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. குறிப்பேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அறிகுறிகளையும் மருந்தின் பக்கவிளைவுகளையும் விளக்கும் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கைகூடக் கையில் கொடுக்கப்படவில்லை. உடல் எடை கூடும், கை நடுங்கலாம் என்று வாயால் சொன்னதில் பாதி அம்மாவுக்குப் பேருந்து நிலையம் வரும்முன்பே மறந்துவிட்டது. கழிப்பறையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

மாற்று வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. இணையத்தில் கிடைக்கும் ‘உங்களுக்கு மனச்சிதைவு உள்ளதா’ வினாப்பட்டியல்களைத் தம்பிக்காக நான் நிரப்பிப் பார்த்தேன். தேர்வுக் காலத்தில் உறங்காத எந்த மாணவரும் அவற்றில் பாதிக்கு ஆம் என்று சொல்லக்கூடும். மருத்துவர்களே பயன்படுத்தும் 30 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. அதுவும் நோயின் கடுமையை அளப்பதற்கே தவிர, நோயைக் கண்டறிவதற்கு அன்று. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. எங்கே போவது, இப்போது என்ன செய்வது என்பதற்கு அது உதவும், ஆனால் முதல் நோயறிதலுக்கு நேரில் செல்வதே நல்லது. சென்னையை ஒட்டி இருப்பவர்களுக்கு, மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனமும், அதனினும் பன்மடங்கு பழைய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து அவை தொலைவு என்பதால் அவற்றைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

இந்தப் பிரிவுக்கு யாரையேனும் முதன்முறை கூட்டிச் செல்வோர், நோயாளியோடு அன்றாடம் ஒரே வீட்டில் இருந்த ஒருவரைக் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊரில் செல்வாக்குள்ள மாமாவை அன்று. மாற்றங்கள் தொடங்கிய மாதங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வேறெங்கும் வாங்கிய மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அந்தப் பொட்டலத்தையும் எறியாமல் வையுங்கள். எங்களிடம் அவற்றையும் கேட்டார்கள். திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, விடுமுறைக்கு அடுத்த நாளென்பதால் கூட்டம் இருமடங்காகத் தெரிகிறது. குறிப்பேட்டின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளிக்கு உண்டு. எழுத்து மூலம் விண்ணப்பித்தபோது எங்களுக்குக் கொடுத்தார்கள், சற்றுத் தாமதமாக.